லிஸ்பனுக்கு ஒரு கைடு

என் கணவர் சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்தார். வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில் கழியும். மிச்ச நாள் கடலூர் செம்மண்டலத்தில், எங்கள் வாடகை வீட்டு மாடியில். நான் கோர்ட்டில் டைப்பிஸ்ட். 2009 மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், நிலத் தகராறு வழக்கு ஒன்றின் சாட்சியத்தை அடித்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. சென்னையிலிருந்து கப்பல் கம்பெனியின் ஏஜென்ட் பேசினார். இன்ஜின் ரூமில் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார், தலையில் அடி, கப்பலைப் பக்கத்துத் துறைமுகத்துக்குத் திருப்பி ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷனும் முடிந்துவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை என்றுதான் சொல்கிறார்கள் என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். லிஸ்பன் என்றார். அது எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்க வேண்டியிருந்தது. போர்ச்சுகல் என்று சொல்லிவிட்டு, உங்களிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. திருப்பதிக்கு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். போலீஸ் விசாரணை வர வேண்டும், அதற்கப்புறம் விசா, அதற்கப்புறம் டிக்கெட். கம்பெனி ஒரு ஆளை அனுப்பத் தயாராக இருந்தது. ஆனால் அந்த ஆளாக நான் ஆவதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் கண் விழித்துவிட்டார், பேசுகிறார் என்று ஏஜென்ட் ஒரு நாள் சொன்னபோது, எட்டு வயது மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இனிமேல் பயமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் சாயந்திரம் அங்கிருந்தே போன் வந்தது. எங்களுக்கு விளக்கு வைக்கும் நேரம், அவர்களுக்கு மத்தியானம். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பத்தாரோடு பேசுவதற்கென்று இருந்த ஒரு அம்மாள் பேசினாள். இங்கிலீஷ் எங்கள் இரண்டு பேருக்குமே சொந்தமில்லாததால் நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டோம். உங்கள் கணவர் இங்கிலீஷ் பேச மாட்டேன் என்கிறார், அவர் மொழியில்தான் பேசுகிறார், இங்கே யாருக்கும் புரியவில்லை, நீங்கள் பேசுங்கள் என்று சொல்லி போனை அவர் காதில் வைத்தாள்.

"தண்ணி வடிஞ்சிடுச்சா?" என்றார்.

குரல் அவருடையதுதான். என்ன தண்ணீர் என்று கேட்டேன்.

"பாப்பாவ காணல. எல்லா வார்டுலயும் பாத்துட்டன். இவுங்க என்ன போவ உட மாட்டேங்கறாங்க. கைய கட்டிப் போட்டுட்டாங்க."

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பாப்பா என் பக்கத்தில்தான் நிற்கிறாள் என்று சொல்லி அவளிடம் போனைக் கொடுத்தேன். அவள் அப்பா என்றாள். அவர் என்ன சொன்னாரோ, போனை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பிற்பாடு கேட்டதற்கு, "இது பாப்பா குரல் இல்லன்னு சொல்லிட்டாரு" என்றாள்.

அன்றைக்குப் படுத்த பிறகுதான் புரிந்தது. சுனாமி வந்த வருஷம் அவர் லீவில் வந்திருந்தார். மார்கழித் திருவிழாவுக்காக நானும் மூன்று வயது மகளும் சிதம்பரத்தில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் திரும்பி நேராக தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வந்துவிடுவதாகப் பேச்சு. அவர் அங்கே சிநேகிதர் வீட்டில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். குழந்தைக்கு உடம்பு சுட்டதால் நாங்கள் கிளம்பவில்லை. அதை அவருக்குத் தெரிவிக்க எங்களுக்கு ஒரு வழியும் இல்லை. அலை வந்தபோது அவர் மாடிப்படியில் ஏறித் தப்பித்தார். நாங்கள் வந்து இறங்கியிருப்போம், அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றே நினைத்தார். அன்று முழுக்க ஜி.எச்.சில் வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். சாயந்திரம் ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு சிதம்பரம் வந்து சேர்ந்தார். அக்கா வீட்டு வாசலில் பிஸ்கட் தின்றுகொண்டு நின்ற மகளைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு அந்த நாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

இப்போது தலையில் அடிபட்டுக் கண் விழித்ததும், ஆஸ்பத்திரி, வெள்ளைப் படுக்கை, சுற்றிலும் புரியாத சத்தம் எல்லாம் சேர்ந்து அவரை அந்த நாளுக்கே கொண்டுபோய் விட்டுவிட்டது. தூங்கி எழும்போதெல்லாம் மகளைத் தேடிப் படுக்கையை விட்டு இறங்கினார். தலையில் தையலோடு இரண்டு முறை விழுந்திருக்கிறார். அதனால்தான் கையைத் துணியால் கட்டிவைத்தார்கள்.

மறுநாள் போன் வந்தபோது ஆஸ்பத்திரி அம்மாளிடம் திக்கித் திணறி இதையெல்லாம் சொன்னேன். அவள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, தினமும் இதே நேரத்துக்குப் போன் போட்டுத் தருகிறேன், நீங்கள் யார், இன்றைக்கு என்ன நாள், அவர் எந்த ஊரில் இருக்கிறார், இந்த மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள் என்றாள். முதல் இரண்டையும் நான் சொல்லிவிடுவேன். மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன்.

"லிஸ்பன்ல இருக்கீங்க" என்றேன்.

"யாரு சொன்னா?"

"ஏஜென்ட் சொன்னாரு. ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

"லிஸ்பன்ல என்ன இருக்கு? சொல்லு பாப்போம்."

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். தூறலில் அங்கே நின்றுகொண்டு, எனக்குத் தெரியாத ஒரு ஊரை யோசித்தேன். அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீயும் போயிட்டியா? அதான் எங்கேருந்தோ பேசறியா?"

நான் உயிரோடு இருக்கிறேன் என்று கத்தினேன். கீழ் வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள்.

மறுநாள் ஆபீசிலிருந்து சீக்கிரமே கிளம்பி பிரவுசிங் சென்டருக்குப் போனேன். லிஸ்பன் என்று அடித்தால் ஓட்டல்களும் விமான டிக்கெட்டும்தான் வந்தன. கரண்ட் போவதற்குள் சில பக்கங்களை பிரின்ட் எடுத்துத் தந்தார்கள். படங்களெல்லாம் மைக் கறையாக இருந்தன. அதை வைத்துக்கொண்டு அன்று சாயந்திரம் சொன்னேன்: போர்ச்சுகலின் தலைநகரம், ஏழு குன்றுகள், பெரிய ஆறு, பழைமையான கோட்டை.

"ஸ்கூல்ல ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. யாரோ எழுதிக் குடுத்தத படிக்கிற" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. கோர்ட்டில் அந்த மாதிரி சாட்சிகளைத் தினமும் கேட்கிறவள் நான். சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறவர்களிடம் கதவு எந்தப் பக்கம், மரம் எந்தப் பக்கம் என்று வக்கீல் கேட்டால் மாட்டிக்கொள்வார்கள். அங்கே போய் நடந்துவிட்டு வந்தவள் மாதிரி சொல்ல வேண்டும். அதற்கு ஊருக்குள் தெருத் தெருவாக அழைத்துப் போகிற புத்தகம் வேண்டும். ஒரு கையில் போன் இருக்கும், மறு கையில் அடங்குகிற அளவுக்கு அது சின்னதாகவும் இருக்க வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூரில் பெரிய புத்தகக் கடைக்குப் போய் கைடு வேண்டும் என்றேன். எந்த கிளாஸ், ஸ்டேட் போர்டா மெட்ரிக்கா என்று கேட்டார் கடைக்காரர். பள்ளிக்கூட கைடு இல்லை, ஒரு ஊருக்கு கைடு, லிஸ்பன் என்றேன். அவர் உள்ளே திரும்பி, "லிஸ்பன்னு ஒரு பப்ளிகேஷன் வருதா?" என்று குரல் கொடுத்தார். உள்ளே இருந்தவர் அது ஸ்டாக் இல்லை, ஜூனுக்கு மேல்தான் வரும் என்றார். வேறொரு கடையில் தமிழ்நாட்டுச் சுற்றுலாத் தலங்கள் என்று ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அதன் அட்டையில் பிச்சாவரம் படகு. வெளியே வந்து மழைக்கு ஒதுங்கி நின்றபோது, யாராவது ஒருவர் நிறுத்தி என்ன ஆச்சு என்று கேட்டால் போதும், அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவேன் போல இருந்தது. யாரும் கேட்கவில்லை.

சிதம்பரத்தில் அக்கா வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். மாமா பல்கலைக்கழகத்தில் ஆபீஸ் வேலையில் இருந்தார். அதிர்ந்து பேசாத மனுஷர். ஞாயிற்றுக்கிழமை வா என்று மட்டும் சொன்னார். போனதும் பைக்கில் உட்கார வைத்து, கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜுக்கு அழைத்துப் போனார். கோயில் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் படித்து முடித்த புத்தகங்களை அங்கே விட்டுவிட்டுப் போவார்களாம். வழியில் ஒரு விஷயம் மட்டும் சொன்னார். "அலையப் பத்தி மட்டும் அவருகிட்ட எடுக்காத. அது பக்கமே போவாத. ஊரப் பத்தி மட்டும் பேசு." நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மாமா பைக்கை நிறுத்த இடம் தேடிப் போக, நான் மட்டும் உள்ளே போனேன். வரவேற்பு மேஜைக்கு எதிரே கண்ணாடி இல்லாத ஒரு அலமாரி. இந்தியாவைப் பற்றியும் தமிழ்நாட்டைப் பற்றியும் நிறைய இருந்தன. ஐரோப்பாவைப் பற்றி யார் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கப் போகிறார்கள் என்று தோன்றியது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கீழ்த் தட்டில், ஐரோப்பா முழுவதற்கும் சேர்த்து செங்கல் மாதிரி ஒன்று கிடைத்தது. லிஸ்பன் பக்கத்தைத் தேடினேன். போகிற ஊர்ப் பக்கங்களை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு போகிற பழக்கம் போலிருக்கிறது. போர்ச்சுகல் இருந்த இடத்தில் நூல் மட்டும் தொங்கியது.

அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மானேஜர் எழுந்து வந்தார். என்ன ஊர் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

"ஃபேமிலியோடவா போறீங்க? குடுத்து வெச்சவங்கம்மா."

"வீட்டுக்காரரு முன்னாடியே போயிட்டாரு" என்றேன்.

அவர் சந்தோஷமாகவே உள்ளே போய், அலமாரியில் அடங்காததை எல்லாம் போட்டுவைத்த ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துவந்தார். போன வருஷம் போர்ச்சுகல் சுற்றிவிட்டு நேராக இங்கே வந்த ஜோடி ஒன்று தங்கியிருந்தது, அவர்கள் விட்டுப்போனது இதில்தான் இருக்கும் என்றார். இருந்தது. ஒன்றல்ல, இரண்டு இருந்தன. இரண்டுமே சட்டைப்பையில் போகிற அளவு. ஒன்று பிரெஞ்சில், மற்றது இங்கிலீஷில்.

பெட்டிக்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்கள். ஒரு புத்தகம் எடுத்தால் ஒரு புத்தகம் வைக்க வேண்டும். என் கைப்பையில் இருந்தது ஒன்றே ஒன்று, ஹையர் பரீட்சைக்காகப் படித்துக்கொண்டிருந்த ஷார்ட்ஹேண்ட் புத்தகம். கெஞ்சிக் கேட்டிருந்தால் இரண்டையும் கொடுத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கேட்டால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். சொல்லத் தெம்பில்லை.

பிரெஞ்சுப் புத்தகத்தைப் பிரித்தேன். அவ்வளவு அழகு. பக்கத்தைத் திறந்தால் தெரு வரைபடம் தாமரை மாதிரி விரிந்தது. ஒவ்வொரு கட்டடமும் கையால் வரைந்தது, ஜன்னல் உட்பட. ஆஸ்பத்திரிகளை எச் என்று போட்டு சிவப்பில் காட்டியிருந்தார்கள். அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரியின் பேரும் தெருவும் என்னிடம் இருந்தன. வரைபடத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போனேன், கிடைத்துவிட்டது. கோட்டைக் குன்றுக்குக் கீழே ஒரு சின்ன சிவப்பு எழுத்து. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு எடுக்க முடியாமல் இருந்தேன். அவர் விழுந்த செய்தி வந்த நாளிலிருந்து அவருக்கு அவ்வளவு பக்கத்தில் நான் போனதே இல்லை. ஆனால் படங்களுக்குக் கீழே எழுதியிருந்ததில் ஒரு வரியும் எனக்குப் புரியாது.

இங்கிலீஷ் புத்தகம் பழசு. தண்ணீரில் நனைந்து காய்ந்து தடித்திருந்தது. எழுத்து பொடி. பாதிப் பக்கங்கள் சாப்பாட்டுக் கடைகளும் துணிக்கடைகளும். வரைபடம் உள்ளங்கை அளவு. அதில் ஆஸ்பத்திரியே இல்லை. ஊர் பார்க்கப் போகிறவனுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போல. மூடிவைக்கப் போனவள் கடைசிப் பகுதியைப் புரட்டினேன். 'காலாற நடக்க' என்கிற மாதிரி ஒரு தலைப்பு. கோட்டை வாசலில் ஆரம்பித்து ஆற்றங்கரை வரைக்கும் நடக்கிற ஒருவனுக்கு, இடது பக்கம் திரும்பு, படி இறங்கு, இங்கே ஒரு குழாயடி இருக்கும், துணி காயப்போட்டிருப்பார்கள், குனிந்து போ, மீன் சுடுகிற வாசனை வரும் என்று வரிவரியாக எழுதியிருந்தது. டிராம் திரும்பும்போது சுவரோடு ஒட்டி நில் என்று கூட எழுதியிருந்தது.

இரண்டையும் மடியில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றில் அவர் இருக்கிற இடம் இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்ல ஒரு சொல் இல்லை. மற்றதில் சொல் இருக்கிறது, அவர் இல்லை. மாமா வந்து பின்னால் நின்றார். நான் ஆஸ்பத்திரியைச் சுற்றியிருந்த தெருப் பேர்களைப் பிரெஞ்சு வரைபடத்திலிருந்து உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு அதை மூடினேன். இங்கிலீஷை எடுத்துக்கொண்டு என் ஷார்ட்ஹேண்ட் புத்தகத்தைப் பெட்டியில் வைத்தேன். நல்லபடியா போயிட்டு வாங்க என்றார் மானேஜர்.

திரும்பும்போது பஸ்ஸில் மழைக்குத் தார்ப்பாய்களை இறக்கிவிட்டிருந்தார்கள். அரை இருட்டில் ஆலப்பாக்கம் தாண்டும் வரைக்கும் புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் படித்தேன். புரியாத சொற்களுக்கெல்லாம் வீட்டில் அகராதியைப் பார்த்தேன். பாவுகல் பதித்த தெரு, மீன் சுடுகிற கரி அடுப்பு, மேட்டில் நின்று ஊரைப் பார்க்கிற இடம். சமைத்துக்கொண்டே வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். என்னவாவது கேட்டுவிடுவாரோ என்று ஒவ்வொரு திருப்பத்துக்கும் வலது இடது மனப்பாடம் செய்தேன். மகள் என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

அன்று சாயந்திரம் அந்த அம்மாள் போனைக் கொடுக்கும் முன்பே, அவர் படுக்கையிலிருந்து ஜன்னலில் என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டேன். சிவப்பு ஓட்டுக் கூரைகள், அவற்றுக்கு மேலே கோட்டைச் சுவர் என்றாள்.

"சன்னல பாருங்க. செவப்பு ஓடு போட்ட வூடுங்க தெரியுதா?"

"தெரியுது."

"அதுக்கு மேல கோட்டை மதில். நான் அந்த மதில் வாசல்லேருந்து சொல்றன். அங்கேருந்து எறங்குறன்."

இறங்கினேன். இடது பக்கம் திரும்பினேன். குழாயடியைச் சொன்னேன், துணிக்கு அடியில் குனிந்தேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். டிராம் வந்தபோது சுவரோடு ஒட்டி நின்றேன்.

"டிராமா?" என்றார்.

"ஆமாம். மஞ்ச கலரு. ஒரே ஒரு பெட்டி."

"கடலூர்ல ஏது டிராம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்றைக்கு நான் சாப்பிட்டேன். பல வாரங்களுக்குப் பிறகு முதல்முறையாகப் பசித்துச் சாப்பிட்டேன். மறுநாள் போனை எடுத்ததும், "தண்ணி வடிஞ்சிடுச்சா?" என்றார்.

எல்லாம் அழிந்திருந்தது. திரும்பவும் கோட்டை வாசலிலிருந்து இறங்கினேன். அதற்கடுத்த நாளும். சில நாள் டிராம் வரைக்கும் வருவார், சில நாள் பாதியிலேயே பாப்பா பாப்பா என்று ஆரம்பித்துவிடுவார், அந்த அம்மாள் போனை வாங்கிக்கொள்கிற சத்தம் கேட்கும். ஒருநாள், நீ அவளை எங்கே விட்டுவிட்டு வந்தாய் என்று ஏசினார். பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணைக்கு ஆள் வரவில்லை. கேட்கப் போனால் மழை வெள்ளப் பாதுகாப்புக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். கோர்ட்டில் அடிக்கும்போது சாட்சி சொன்னதற்கு நடுவில் ஏதோ ஒரு தெருப் பேரை அடித்துவிட்டு, தாளை உருவிக் கிழித்தேன். கட்டிலில் கையைக் கட்டி வைத்திருக்கிற ஒருத்தருக்கு தினமும் ஊர்வலம் நடத்துகிறேனே, எனக்கும் புத்தி பேதலித்துவிட்டதா என்று நினைத்தேன். புத்தகத்தைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடலாம் என்று இருந்தது. போடவில்லை. வேறு எதுவும் என்னிடம் இல்லை.

அந்த நடையின் கடைசிப் பகுதி ஆற்றை ஒட்டிய அகன்ற தெருக்கள். அவை கட்டம் போட்ட மாதிரி நேராக இருப்பதற்குக் காரணத்தை ஒரு பத்தியில் எழுதியிருந்தார்கள். எப்போதோ ஒரு காலத்தில் பூகம்பம் வந்து, அதன் பின்னாலேயே கடல் ஊருக்குள் ஏறி, இடிந்ததுபோக மிச்சத்தையும் அடித்துக்கொண்டு போய்விட்டதாம். அந்தப் பத்தி வந்ததும் நான் தாவிவிடுவேன். மாமா சொன்னது ஞாபகத்தில் இருந்தது.

ஒரு சாயந்திரம் என்றுமில்லாமல் தெளிவாகப் பேசினார். கூடவே நடந்தார். படிகளை நான் சொல்லும் முன்பே, "இப்ப படியா?" என்று கேட்டார். நேர்த் தெருவுக்கு வந்ததும் நின்றார்.

"மேல எல்லாம் சந்து சந்தா இருக்குது. கீழ மட்டும் எப்படி நேரா இருக்கு?"

நான் ஏதோ பிற்காலத்தில் கட்டியது என்றேன்.

"முன்ன இருந்தது என்னா ஆச்சி?"

அடுத்த திருப்பத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அங்க கடல் வந்துச்சா?"

கையில் அந்தப் பக்கம் திறந்தே இருந்தது. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட விதம், சாட்சிக் கூண்டில் ஏறியவனைப் பார்த்துக் கேட்கிற மாதிரி இருந்தது. இதில் பொய் சொன்னால், இதுவரை நடந்ததெல்லாமும் பொய்யாகிவிடும் என்று எனக்குப் பட்டது.

"வந்துச்சி. நம்ம தாத்தா, அவுங்க தாத்தா காலத்துக்கெல்லாம் முன்னாடி. எல்லாம் வுழுந்து போயி, திரும்ப நேரா கட்டுனாங்க."

"அப்ப நம்மூருல?"

"நம்மூருலயும் வந்துச்சி. அது முடிஞ்சி அஞ்சு வருஷம் ஆவப்போவுது. அன்னிக்கி நாங்க பஸ் ஏறவே இல்ல. பாப்பாவுக்கு ஜொரம். நீங்க லாரி புடிச்சி அக்கா வூட்டுக்கு வந்தீங்க. அவ வாசல்ல நின்னுக்கிட்டு பிஸ்கட் தின்னா. நீங்க தரையில உக்காந்துட்டீங்க. நான்தான் கை புடிச்சித் தூக்குனேன்."

எதிர்ப்பக்கம் ஒரு சத்தம் வந்தது. அவர் அழுகிறார் என்று புரிய நேரம் பிடித்தது, ஏனென்றால் அவர் அழுது நான் கேட்டதில்லை. பெருங்குரலாக ஏறிக்கொண்டே போனது. அந்த அம்மாள் போனை வாங்கி, இன்றைக்குப் போதும், ரொம்பக் கலங்கிப்போயிருக்கிறார், டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அந்தச் சனி, ஞாயிறு அவள் லீவு எடுத்திருந்தது எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி எண்ணுக்கு நானே அடித்தால் போர்ச்சுகீசில் ஏதோ சொல்லி வைத்துவிட்டார்கள். ஏஜென்ட் எடுக்கவில்லை. மாமாவிடம் சொன்னபோது, சொல்லியிருக்க வேண்டாமே என்று மட்டும் சொன்னார், அதுவும் மெல்லத்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரும்ப விழுந்திருப்பார், தையல் பிரிந்திருக்கும், என் வாயால் கெடுத்தேன் என்று நினைத்து நினைத்து, கடைசியில் ஒன்றும் நினைக்க முடியாமல் மரத்துப்போனேன். சாமியிடம் வேண்டிக்கொள்ளக்கூட எனக்கு வார்த்தை வரவில்லை.

திங்கட்கிழமை சாயந்திரம் போன் அடித்தது. அந்த அம்மாள் நேராக அவரிடம் கொடுத்தாள்.

"பாப்பா எந்த கிளாஸ் படிக்கிது?" என்றார்.

"மூணாங்கிளாஸ்."

"பக்கத்துல இருக்குதா?"

கூப்பிட்டேன். அவள் வர மாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டு வந்து காதில் வைத்தேன். முதலில் ம், ம் என்று மட்டும் சொன்னாள். பிறகு பள்ளிக்கூடத்தில் மழைக்கு லீவு விட்டதைச் சொன்னாள். பிறகு உட்கார்ந்துகொண்டு பேசினாள்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பிறகும் சில காலைகளில் அவர் அலைக்குத்தான் விழித்தார். ஆனால் கையை அவிழ்த்துவிட்டார்கள். என் பாஸ்போர்ட் வீட்டுக்கு வந்து சேர்ந்த வாரத்தில், கம்பெனி ஒரு நர்ஸோடு அவரை அனுப்பிவைப்பதாகவும் நான் வர வேண்டியதில்லை என்றும் ஏஜென்ட் சொன்னார். சென்னை விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வந்தார். மொட்டைத் தலை, பாதி உடம்பு. மகளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் கிட்டப் போய் நின்றாள். அவள் தலையில் வைத்த கையை அவர் கார் வரைக்கும் எடுக்கவில்லை.

லிஸ்பன் அவருக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. கோட்டையும் இல்லை, டிராமும் இல்லை, தினமும் நான் பேசியதும் இல்லை. முதலில் அது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. போகப் போக அவர் மறந்ததில் பாதியாவது எனக்கும் மறந்தால் தேவலை என்று நினைத்தேன். அவருக்கு வலது கையில் நடுக்கம் தங்கிவிட்டது. வாசனை தெரியாமல் போய்விட்டது. சட்டென்று கோபம் வந்தது. இனிமேல் கப்பலுக்குத் தகுதியில்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். இரண்டு வருஷம் வீட்டு மாடியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆபீஸ் போய் வந்தேன்.

2011 முடிகிற சமயத்தில் தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது. கம்பமெல்லாம் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஊர் முழுக்க ஜெனரேட்டர் சத்தம். அதில் ஓடாமல் நின்ற ஒன்றைப் பார்க்க முடியுமா என்று கேட்டு எங்கள் தெருவில் ஒருவர் வந்தார். என் கணவர் தன் வலது கையைப் பார்த்தார். "ஸ்பேனர் புடிக்க வரல. கூட ஒரு ஆளு இருந்தா சொல்லித் தரன்" என்றார். போனார். பொழுது சாயத் திரும்பிவந்தபோது சட்டையெல்லாம் கிரீஸ். சுடுதண்ணி கேட்டார். மகள் அடுப்பைப் பற்றவைக்க, அவர் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்து, எந்த இடத்தில் டீசல் அடைத்துக்கொண்டிருந்தது என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் திருவந்திபுரம் பக்கத்திலிருந்து இன்னொருவர் கூப்பிட வந்தார்.